தூய உணவும் புனே நகரச் சோதனைகளும்

பிழைப்பு நாடி வேற்றூர் செல்லும் மக்கள் அவ்வூர் மொழியை விரைவில் கற்றுக்கொள்கின்றனர். உடையை அதனினும் விரைவில் மாற்றிக்கொள்கின்றனர். உணவை மட்டும் எளிதில் விடுவதில்லை. புனே நகரை அடுத்த சிஞ்ச்வட் இதற்கு நல்ல சான்று. பவனை ஆற்றங்கரையில் மோரயா கோசாவியின் சமாதிக் கோயிலால் பெயர் பெற்றிருந்த இச்சிற்றூர், அண்டையிலுள்ள பிம்ப்ரியில் 1954-ஆம் ஆண்டு பெனிசிலின் தொழிற்சாலை எழுந்த பின்னர்ப் படிப்படியாகப் பெருந்தொழில் நகராயிற்று. ஆலைகளை நாடியும் அலுவலகங்களை நாடியும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேரூன்றின. ஊருக்குச் சென்று திரும்புவோர் புழுங்கலரிசியும் சாம்பார்ப் பொடியும் கொண்டுவருவது இன்றும் வழக்கமே.

அத்தகைய அடுக்களைகளில் அண்மைக்காலமாக ஒரு கலக்கம் தோன்றியிருக்கிறது. கைப்பேசித் திரையில் நாள்தோறும் புதிய உணவு விதிகள் வந்து நிற்கின்றன. 'அரிசியை அறவே விடுக', 'கோதுமையும் நஞ்சே', 'காலையில் பச்சைக் கீரைச் சாறு மட்டும் பருகுக', 'பதினாறு மணி நேரம் பட்டினி கிடக்க' என்று ஒருவர் ஒன்று கூற, மற்றொருவர் அதனை மறுத்து வேறொன்று கூறுகிறார். இவ்வியக்கத்திற்கு ஆங்கிலத்தில் 'கிளீன் ஈட்டிங்' என்று பெயர். தமிழில் 'தூய உணவு' எனலாம். மகன் ஒரு விதியைக் கைக்கொள்கிறான். மருமகள் மற்றொன்றைக் கைக்கொள்கிறாள். முதியவருக்கோ சோறில்லாமல் பசி அடங்குவதில்லை. ஒரு வீட்டில் மூன்று சமையல் நடைபெறுகிறது. அம்மூன்றையும் செய்பவர் பெரும்பாலும் ஒரே பெண்மணியாக இருக்கிறார்.

இவ்விதிகளை நகைத்து ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு நோயுற்றோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று கணித்தது. உண்ணும் முறையில் ஏதோ பிழை உளது என்னும் அச்சம் ஆதாரமற்றதன்று. ஆயினும் இவ்விதிகள் புதியன என்று எண்ணுவது பிழை. சென்ற நூறாண்டுகளுக்கு மேலாக நம் நாட்டில் இத்தகைய சோதனைகள் நடந்திருக்கின்றன. அவற்றுள் குறிப்பிடத்தக்க சில இப்புனே நகரிலேயே நடந்தன. எவை நிலைத்தன, எவை கைவிடப்பட்டன என்று அறிந்துகொண்டால் இன்றைய குழப்பத்தில் நமக்கு ஒரு வழி புலப்படும்.

முதற் செய்தி புலம்பெயர்ந்த தமிழரைப் பற்றியதே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா நாட்டில் 'பெரிபெரி' என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் தளர்ந்து உயிர் போகும். ஒரே நாட்டில், ஒரே வகையான கடும் உழைப்பில் ஈடுபட்டிருந்தும், சீனத் தொழிலாளரிடையே இந்நோய் மிகுந்தும் தமிழ்த் தொழிலாளரிடையே மிக அருகியும் காணப்பட்டது. அங்கு அறுவை மருத்துவராகப் பணியாற்றிய பிராடன் என்பார் இதனைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது சயாம் நாட்டிலிருந்து வந்த தீட்டிய வெள்ளைப் பச்சரிசி; தமிழர் உண்டது புழுங்கலரிசி. அரிசியின் வேறுபாடே நோயின் வேறுபாட்டிற்குக் காரணம் என்று அவர் 1907-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார்.

அதே காலத்தில் பிளெட்சர் என்னும் மருத்துவர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை ஏறத்தாழ 120 பேர் கொண்ட இரண்டு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளைப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்துவந்தார். ஓராண்டு முடிவில் முதற்பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. தம் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாத நோயாளிகளைக் கொண்டு இத்தகைய சோதனை நடத்துவதை இன்றைய மருத்துவ அறம் ஒருபோதும் ஒப்பாது. ஆயினும் அம்மக்கள் உயிர் கொடுத்துப் பெற்ற அறிவை மறத்தலும் அறமாகாது.

இதன் காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது, தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே ஊடுருவிச் செல்கிறது. பிறகு தவிட்டை நீக்கினாலும் அப்பகுதி எஞ்சி நிற்கிறது. பச்சரிசியை ஆலையில் தீட்டும்போதோ அது தவிட்டோடு போய்விடுகிறது. ஜாவாத் தீவில் கோழிகளுக்கு வெள்ளையரிசி அளித்து இவ்வுண்மையின் முதல் தடயத்தைக் கண்ட எய்க்மன் என்னும் அறிஞர் 1929-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். நம் முன்னோர் நெல்லை அவித்தது உயிர்ச்சத்தை அறிந்து அன்று. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது. அரிசி நெடுநாள் கெடாது. அவ்வசதிக்காகக் கொண்ட வழக்கம் கடல் கடந்து சென்ற தமிழரின் உயிரைக் காத்தது. ஆகவே அரிசி என்றாலே தீது என்போருக்கு நாம் கேட்கவேண்டிய முதல் வினா இது: எந்த அரிசி, எவ்வாறு பக்குவம் செய்த அரிசி?

இரண்டாவது செய்தி நீலகிரியைச் சார்ந்தது. 1918-ஆம் ஆண்டில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே அறையில் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கிற்று. அதனை நடத்தியவர் இராபர்ட் மக்காரிசன். அவர் இந்தியாவின் பல பகுதி மக்களும் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து வளர்ச்சியை அளந்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், காய்கறி ஆகியவற்றைக் கொண்ட சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. மராட்டியர் உணவு மேல்வரிசையில் நின்றது. கடைசி இடம் பெற்றது மதராசி உணவே! தமிழர் இதைக் கேட்டு வருந்தவேண்டியதில்லை, உணரவேண்டும். தீட்டிய அரிசியைத் தட்டு நிறையக் குவித்து, பாலையும் கீரையையும் பருப்பையும் பெயரளவில் வைத்துண்ட ஏழ்மை உணவே அங்குத் தோற்றது. அரிசி இருந்தது குற்றமன்று. அதன் அருகே வேறொன்றும் போதிய அளவில் இல்லாததே குற்றம்.

அந்த ஒற்றை அறை ஆராய்ச்சி பின்னர்ப் பெருகி, 1958-ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. அதனை நெடுங்காலம் வழிநடத்தியவர் சேலத்தில் பிறந்த மருத்துவ அறிஞர் கோபாலன். அவரும் ஸ்ரீகாந்தியா என்னும் அறிஞரும் 1960-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இன்று சிறுதானியத்தைப் போற்றுவோர் அனைவரும் அறியத்தக்கது. தக்காணத்தில் சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த வறியவரிடையே பெல்லாக்ரா என்னும் நோய் கண்டது. தோல் கருகி வெடிக்கும், வயிற்றுப்போக்கு உண்டாகும், மனமும் கலங்கும். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் பொருள் இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். சோளம் நல்ல தானியமே. ஆயினும் எந்த நல்ல தானியமும் தனித்து நின்றால் உணவாகாது என்பதே இதன் படிப்பினை.

மூன்றாவதாக, வார்தாவை நோக்குவோம். 1934-ஆம் ஆண்டு டிசம்பரில் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தின் செயலாளராக அமர்ந்தவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. மராட்டிய மொழி வழங்கும் ஊரில் வாழ்ந்து தொண்டாற்றிய தமிழர் அவர் என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், வெல்லம், தேன் ஆகியவற்றை அச்சங்கம் நாடெங்கும் பரப்ப முயன்றது. இன்று கடைகளில் கண்ணாடிப் புட்டியில் அழகுற அடைத்து உயர்ந்த விலைக்கு விற்கப்படுபவை பெரும்பாலும் இவையே. ஒரு வேறுபாட்டை மட்டும் நாம் கருதவேண்டும். குமரப்பா அவற்றைப் பரப்பியது உண்போர் உடல்நலத்திற்காக மட்டுமன்று. நெல் குத்தும் பெண்ணுக்கும் செக்காட்டுவோனுக்கும் கூலி கிடைக்கவேண்டும் என்பதற்காகவும்தான். ஏழைக்கு வேலை தருவதற்கென எழுந்த பொருள் ஏழைக்கு எட்டாத விலைக்கு விற்கப்படுவது காலத்தின் விந்தை என்றே சொல்லவேண்டும்.

இனிக் காந்தியடிகளின் உணவுச் சோதனைகளுக்கு வருவோம். இலண்டனில் சட்டம் பயின்ற நாள்முதல் அவர் தம் உடலையே ஆராய்ச்சிக் கூடமாகக் கொண்டார். 1912-ஆம் ஆண்டில் பாலை விட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் கேடா மாவட்டத்தில் கடும் வயிற்றுக்கடுப்புற்று உயிருக்குப் போராடியபோது, பசும்பாலையும் எருமைப்பாலையும் மட்டுமே எண்ணி விரதம் பூண்டதாக அமைதி கூறிக்கொண்டு ஆட்டுப்பால் அருந்தினார். 1929-ஆம் ஆண்டில் சபர்மதி ஆசிரமத்தில் சமைக்காத உணவுச் சோதனையைத் தொடங்கினார். முளைகட்டிய தானியம், பச்சைக் காய், தேங்காய், பழம் ஆகியவையே உணவு. இன்று கைப்பேசியில் கண்டு பலர் மேற்கொள்ளும் விதியும் ஏறத்தாழ இதுவே. அடிகள் அதனை 'யங் இந்தியா' இதழில் எழுதினார். எழுதும்போது உடன் சோதனை செய்தோரின் எடை குறைந்ததையும் மறைக்கவில்லை. தம் உடல்நலம் குன்றவே அவ்வாண்டிலேயே அதனைக் கைவிட்டு, அதையும் வெளிப்படையாக அறிவித்தார்.

அடிகளின் பெருமை சோதனை செய்ததில் மட்டும் இல்லை. பலிக்காததைப் பலிக்கவில்லை என்று சொன்னதிலும் உள்ளது. இன்று திரையில் ஓர் உணவு விதியைத் தொடங்குவோரைக் காண்கிறோம். முப்பது நாளில் எடை குறைந்ததாகக் காட்டுவோரையும் காண்கிறோம். ஆறு திங்கள் கழித்து அதனைக் கைவிட்டோர் அக்கைவிடலைக் காட்டுவது அரிது. ஆகவே நேயர்களின் பார்வைக்கு வெற்றிகள் மட்டுமே வருகின்றன. பாதிக் கணக்கை மட்டும் கண்டு ஒரு வாணிகத்தில் முதலிடுவோர் உண்டோ?

புனே நகரோடு அடிகளின் உணவுச் சிந்தனைக்கு நெருங்கிய தொடர்புண்டு. 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சிறைப்பட்டு ஆகாகான் மாளிகையில் வைக்கப்பட்டபோது, அவ்வாண்டு முடிவதற்குள் அவர் 'ஆரோக்கியத் திறவுகோல்' என்னும் சிறுநூலை எழுதினார். காற்று, நீர், உணவு, மசாலைப் பொருள்கள், தேயிலை, மது, புகையிலை என ஒவ்வொன்றையும் பற்றித் தம் பட்டறிவை அதில் உரைத்தார். விடுதலைக்குப் பின்னர்ப் பல வேளைகளில் புனே டாடிவாலா சாலையில் டாக்டர் தின்ஷா மேத்தா நடத்திய இயற்கை மருத்துவ இல்லத்தில் தங்கினார். அவ்விடத்தில் இன்று மத்திய அரசின் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் இயங்குகிறது.

அந்த இல்லத்தை ஏழைகளுக்கு உரியதாக மாற்ற அடிகள் விரும்பினார். ஆனால் நகரத்தின் நடுவே ஏழைகளுக்கான நிலையம் நடத்த எண்ணியது அறியாமை என்று விரைவில் உணர்ந்து, 1946-ஆம் ஆண்டு மார்ச்சில் 'ஹரிஜன்' இதழில் அதனை வெளியிட்டார். அத்திங்கள் புனேக்குக் கிழக்கேயுள்ள உருளி காஞ்சன் என்னும் சிற்றூருக்குச் சென்று, சில நாள் தங்கி, கிராம மக்களுக்குத் தாமே வைத்தியம் பார்த்தார். கதிரவன் ஒளி, இடுப்புக் குளியல், எளிய உணவு, இராமநாமம் ஆகியவையே அவர் கூறிய மருந்துகள். 1946 ஏப்ரல் 1 முதல் அங்கு நிசர்கோபசார் ஆசிரமம் நிலைபெற்றது.

அதனை ஏற்று நடத்திய மணிபாய் தேசாய் கண்ட உண்மை ஒன்று உண்டு. பால் அருந்துக, பழம் உண்ணுக என்று ஏழைக்கு அறிவுரை கூறுவது எளிது. பாலும் பழமும் அவனுக்கு எங்கே உள்ளன? அவர் நல்ல கறவை மாடுகளை வளர்க்கவும் கிராமத்தார்க்கு அவ்வழி வருவாய் பெருகவும் பாடுபட்டார். அம்முயற்சியே 1967-ஆம் ஆண்டில் பாயிப் என்னும் பெரிய ஊரக வளர்ச்சி அமைப்பாயிற்று. உணவுச் சீர்திருத்தம் தட்டில் தொடங்கித் தொழுவத்தில் வந்து நின்றது. எந்த உணவு நல்லது என்னும் வினாவோடு, அது யாருக்குக் கிடைக்கும் என்னும் வினாவும் சேர்ந்தே வருதல் வேண்டும் என்பதை உருளி காஞ்சன் காட்டுகிறது.

இங்கே சொல்லைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும் தொழிலில் இருக்கும் நமக்குத் 'தூய உணவு' என்னும் தொடர் சற்று உறுத்துகிறது. தமிழில் இதற்கு நெருங்கிய பழஞ்சொல் 'பத்தியம்'. பத்தியம் என்பது ஒருவருக்கு, ஒரு நோய்க்கு, ஒரு காலத்துக்கு உரியது. நோய் நீங்கினால் பத்தியமும் நீங்கும். அடுத்தவர் மீது அதனைச் சுமத்துவதில்லை. 'தூய்மை'யோ அவ்வாறன்று. ஒன்றைத் தூயது என்றால் மற்றது தீட்டு என்னும் பொருள் உடன் நுழைந்துவிடுகிறது. உணவில் தூய்மை பேசியதால் நேர்ந்த இன்னலைத் தமிழ்நாடு அறியும். வ. வே. சு. ஐயர் 1922-ஆம் ஆண்டில் நாட்டுப்பற்றோடு தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தபோது, பிராமண மாணவர் இருவர் தனித்து உண்ண இடம் கொடுத்தமையால் 1925 அளவில் பெரும் பிளவுக்கு ஆளாயிற்று. தேச பக்தியும் தமிழ்ப் பற்றும் நிறைந்த ஒரு நிலையம் உண்ணும் பந்தியில் உடைந்தது.

அலுவலகத்தில் நண்பகலில் உணவுப் பாத்திரங்களைத் திறந்து ஒருவர் உணவை ஒருவர் பகிர்ந்துண்ணும்போது இது நினைவில் நிற்கவேண்டும். மராட்டிய நண்பரின் பாக்ரியையும், மலையாள நண்பரின் மீனையும், நம் தயிர்ச்சோற்றையும் 'இது தூயது, அது தூயதன்று' என்று பிரிப்பது உடல்நலத்தின் பெயரால் பழைய சுவரை மீண்டும் எழுப்புவதாகும். வேற்றூரில் வாழ்வோர்க்குப் பகிர்ந்துண்ணும் வழக்கம் வெறும் மரியாதையன்று. அதுவே உறவு, அதுவே பாதுகாப்பு.

அவ்வாறாயின் இன்றைய விதிகளுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? மேலே கண்ட வரலாறு மூன்று அளவுகோல்களைத் தருகிறது.

முதலாவது, முழுக்கணக்குக் கேட்டல். 2024-ஆம் ஆண்டில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 17 நெறிகள் கொண்ட உணவு வழிகாட்டியை வெளியிட்டது. நாளொன்றுக்கு 2000 கலோரி வேண்டுவோர்க்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம் என்பது அதன் கணக்கு. இதில் அரிசியை அறவே நீக்குக என்று இல்லை. தானியத்தின் பங்கைக் குறைத்துப் பருப்பையும் காயையும் பெருக்குக என்பதே அதன் கருத்து. மக்காரிசனின் எலிகள் கூறியதும் இதுவே. சருக்கரையை நீக்கி வெல்லத்தை மிகுதியாக இடுவோரும் ஒன்றை அறியவேண்டும்: வெல்லமும் பெரும்பகுதி சருக்கரையே, நீரிழிவு உடையோர்க்கு அது விலக்கு அளிப்பதில்லை.

இரண்டாவது, ஆளை அறிதல். நீரிழிவுக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ கொள்வோர் திரையைக் கண்டு திடீரெனப் பட்டினி கிடந்தால், இரத்தச் சருக்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். சிறுநீரக நோயுடையோர்க்குப் பச்சைச் சாறுகளே தீங்காகலாம். கருவுற்றோரும் வளரும் பிள்ளைகளும் ஓர் உணவு வகையையே முற்றும் விலக்குதல் தகாது. இவர்கள் மருத்துவரைக் கேளாமல் எந்தச் சோதனையும் தொடங்கலாகாது. இளைஞர் ஒருவருக்குப் பலித்தது அவருடைய தந்தைக்கும் பலிக்கும் என்று கொள்வதற்கில்லை. பத்தியம் என்னும் சொல்லின் பொருள் இதுவன்றோ?

மூன்றாவது, இடத்தையும் வருவாயையும் நோக்கல். ஐக்கிய நாடுகள் அவை, இந்தியாவின் வேண்டுகோளை ஏற்று, 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. அதன் பின்னர்ப் பகட்டான உறைகளில் சிறுதானியம் வருகிறது. ஆனால் சிஞ்ச்வட்டில் வாழும் தமிழர் அதனைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. மண்டையில் 'ஜ்வாரி' என்று விற்பது நம் சோளம். 'பாஜ்ரி' நம் கம்பு. 'நாச்ணி' நம் கேழ்வரகு. நம் பாட்டன்மார் களியும் கூழுமாக உண்டு, வெள்ளையரிசி வந்ததும் நம் குடும்பங்கள் கைவிட்டவற்றை, அண்டைவீட்டு மராட்டிய மூதாட்டி விடாமல் பாக்ரியாகத் தட்டிவருகிறார். கைப்பேசியைக் கேட்பதினும் அவரைக் கேட்பது நன்று. மாவை வெந்நீரில் பிசைவது எப்படி, விரிசல் விழாமல் தட்டுவது எப்படி என்று அவர் காட்டுவார். நாமும் புழுங்கலரிசியின் கதையை அவருக்குச் சொல்லலாம்.

இரவு ஒருவேளை பாக்ரியும் பருப்பும் கீரையும். நண்பகல் அளவான புழுங்கலரிசிச் சோறும் சாம்பாரும் இருமடங்கு காயும் மோரும். இதனைக் குடும்பம் முழுவதும் ஒரே சமையலாக உண்ணலாம். மாதச் சம்பளமும் தாங்கும். முதியவரும் பசியோடு எழவேண்டியதில்லை. அடுக்களையில் நிற்பவரின் உழைப்பும் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறையும். பெரியோரின் சோதனைகள் வழிவழியாக நமக்கு விட்டுச்சென்றது இத்தகைய எளிய உணவே. அதற்குப் புதிய பெயர் வேண்டுவதில்லை.